பாறையிலும் பள்ளி விழாவிலும்: கையடக்க ஒளிப்பதிவுக் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

ஒளிப்பதிவுக் கருவி என்றாலே தோளில் சுமப்பது என்றிருந்த காலம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் படம்பிடிக்கும் கேமரா தனியாகவும், நாடாவில் பதியும் பெட்டி தனியாகவும் இருந்தன. இரண்டையும் ஒரு கம்பி இணைத்தது. 1983-ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் இவ்விரண்டையும் ஒரே உடலில் அமைத்துப் பீட்டாமூவி என்னும் கருவியை வெளியிட்டது. கேமரா, ரெக்கார்டர் ஆகிய இரு சொற்களும் சேர்ந்து கேம்கார்டர் என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. அக்கருவியில் பதிந்த காட்சியை அதிலேயே திரும்பப் பார்க்க இயலாது. வீட்டிற்கு வந்து வேறொரு கருவியில் நாடாவை இட்டே காண வேண்டும். உங்கள் பெற்றோரின் திருமணக் காணொளி வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மணமக்கள் கண்களைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். எதிரே ஒருவர் தோளில் கருவியுடனும், அருகில் மற்றொருவர் கையில் பெரிய விளக்குடனும் நின்றமையே அதற்குக் காரணம்.

இன்று அதே வேலையைத் தீப்பெட்டி இரண்டை அடுக்கியது போன்ற ஒரு சிறு கருவி செய்கிறது. இம்மாற்றத்திற்கு ஒரு காரணம் அலைச்சறுக்கு விளையாட்டு. அமெரிக்கரான நிக் வுட்மன் 2002-இல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளுக்கு அலைச்சறுக்கச் சென்றார். அலைமேல் செல்லும் தம்மைத் தாமே படம்பிடிக்க விரும்பி, கேமராவை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வாரை உருவாக்க முனைந்தார். 2004-இல் அவர் விற்ற முதல் கோப்ரோ கருவி காணொளிக் கருவியே அன்று. படச்சுருள் இட்டு நிழற்படம் எடுக்கும் எளிய கேமராதான். பின்னரே அது மின்னணுக் கருவியாகவும் காணொளிக் கருவியாகவும் வளர்ந்தது. இன்று டி.ஜே.ஐ., இன்ஸ்டா360 முதலிய நிறுவனங்களும் இவ்வகைக் கருவிகளைச் செய்கின்றன. இவற்றைச் சாகசக் கேமரா என்று இப்பாடத்தில் குறிப்போம்.

பெங்களூரில் வாழும் நமக்கு இக்கருவி ஏன் தேவைப்படுகிறது? கண்டீரவா விளையாட்டரங்கில் பாறை ஏற்றம் பயில்வதற்குச் செயற்கைச் சுவர் உள்ளது. விடியற்காலையில் நந்திமலைக்கு மிதிவண்டியில் செல்வோர் பலர். மைசூர்ச் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இராமநகரத்துக் கருங்கற் குன்றுகள் நிற்கின்றன. 1975-இல் வெளிவந்த ஷோலே என்னும் இந்தித் திரைப்படம் அங்குதான் படமாக்கப்பட்டது. (அங்குள்ள இராமதேவர் பெட்டா 2012-இல் கழுகுகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஆதலால் விரும்பிய இடத்தில் ஏற இயலாது. உரியோரிடம் கேட்டே செல்ல வேண்டும்.) விடுமுறையில் ஊருக்குச் செல்லும் வழியில் ஒகேனக்கலில் பரிசல் ஏறுவோரும் உங்களில் பலர் இருப்பீர்கள். இவற்றைப் படம்பிடித்து ஊரில் உள்ள தாத்தா பாட்டிக்குக் காட்ட விரும்புவது இயல்பே. அதே கருவியால் பள்ளி ஆண்டுவிழாவையும் தங்கையின் பிறந்தநாளையும் பதிய வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பாறையில் சிறந்து விளங்கும் கருவி அரங்கில் தோற்றுப்போகும்.

பார்வைக் கோணம்

சாகசக் கேமராவின் வில்லை மிக அகன்ற கோணத்தில் பார்க்கும். நெற்றியில் கட்டிக்கொண்டு ஏறும்போது உங்கள் இரு கைகளும், பிடித்திருக்கும் பாறையும், கீழே தெரியும் மரங்களும் ஒரே காட்சியில் அடங்குவது அதனால்தான். கருவி எந்தப் பக்கம் சற்றுத் திரும்பினாலும் காண வேண்டியது காட்சிக்குள்ளேயே இருக்கும்.

இதே கருவியை ஆண்டுவிழாவுக்குக் கொண்டு செல்லுங்கள். மேடையிலிருந்து 15 மீட்டர் தொலைவில் உங்கள் தந்தையார் அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். கருவி கிடைமட்டத்தில் 120 பாகை பார்க்கிறது. அவ்வாறாயின் மேடை இருக்கும் இடத்தில் அது காணும் அகலம் ஏறத்தாழ 52 மீட்டர். மேடையின் அகலமோ பத்து மீட்டர்தான் இருக்கும். எஞ்சியவை சுவர்களும் மின்விசிறிகளும் முன்வரிசைத் தலைகளுமே. 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு குழந்தை அக்காட்சியில் 130-இல் ஒரு பங்கு இடத்தையே பெறும். 1920 படப்புள்ளிகள் அகலமுள்ள திரையில் இது 15 படப்புள்ளிகளுக்குச் சமம். முகத்தில் மூக்கு எது, வாய் எது என்று தெரியாது. தம் பிள்ளை பாரதியார் வேடமிட்டு நின்றதை எறும்பளவில் பதிந்து வந்த பெற்றோரை நான் ஆண்டுதோறும் காண்கிறேன்.

பழைய வகைக் கேம்கார்டரின் வில்லைகள் முன்னும் பின்னும் நகர்ந்து தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கும். இதனை ஒளியியல் உருப்பெருக்கம் என்பர். இருபது மடங்கு, முப்பது மடங்கு பெருக்கும் கருவிகள் உண்டு. பெட்டியின்மேல் ‘டிஜிட்டல் ஜூம்’ என்று அச்சிட்டிருப்பது வேறு. அது பதிந்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி இழுத்துப் பெரிதாக்குவது. புதிய விவரம் எதனையும் தராது. சப்பாத்தி மாவை இழுத்தால் அகலும், ஆனால் மாவு கூடுவதில்லை அல்லவா? அதைப் போன்றதே இது. கடைக்காரர் எத்தனை மடங்கு என்று சொன்னாலும், அதில் ஒளியியல் உருப்பெருக்கம் எத்தனை மடங்கு என்று கேளுங்கள்.

நடுக்கம் நீக்குதல்

கிராமத்தில் கோழியைக் கையில் பிடித்து மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்த்திருக்கிறீர்களா? உடல் அசையும்; தலை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். கோழியின் கழுத்து எதிர்த்திசையில் அசைந்து தலையை நிலைநிறுத்துகிறது. சாகசக் கேமராவும் ஏறத்தாழ இதனையே செய்கிறது, கழுத்து இல்லாமல்.

கருவியின் உள்ளே அசைவை அளக்கும் நுண்ணிய உணரிகள் உள்ளன. கருவி எந்தத் திசையில் எவ்வளவு ஆடியது என்பதை அவை நொடிக்குப் பலமுறை குறித்துக்கொள்கின்றன. பதிந்த படத்தின் முழுப் பரப்பையும் காட்டாமல், அதன் ஓரங்களைச் சற்று விட்டு, நடுவே ஒரு சட்டகத்தை மட்டும் கருவி வெட்டி எடுக்கிறது. கருவி இடப்புறம் ஆடினால் சட்டகத்தை வலப்புறம் நகர்த்துகிறது. பார்ப்பவருக்கு ஆட்டம் தெரிவதில்லை. 2018-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த நல்ல கருவிகளில் இம்முறை வியக்கத்தக்க அளவில் செம்மையுற்றது. நந்திமலையில் மிதிவண்டியில் இறங்கும்போது பதிந்த காட்சி, நீரில் மிதந்து வருவது போலத் தோன்றும்.

இதற்கு இரண்டு விலைகள் உண்டு. ஓரங்களை வெட்டுவதால் காட்சியின் அகலம் குறையும். அதனினும் பெரியது, வெளிச்சம் போதாத இடத்தில் இம்முறை பயன்படாமை. இருட்டில் ஒவ்வொரு படத்தையும் பதியக் கருவிக்குக் கூடுதல் நேரம் வேண்டும். அந்நேரத்திற்குள் கை ஆடினால் படமே மங்கிவிடும். மங்கிய படத்தை எங்கே நகர்த்தினாலும் மங்கல் போகாது. சித்திரை முழுநிலவு நாளில் நள்ளிரவுக்குப் பின் தருமராயசுவாமி கோயிலிலிருந்து புறப்படும் பெங்களூர்க் கரகத்தைச் சாகசக் கேமராவில் பதிய முயன்றால் இவ்வுண்மை விளங்கும். சிறிய உணரித் தகடு கொண்ட கருவியில் இருண்ட பகுதிகள் மணல் தூவியது போல் தெரியும். அங்கே பெரிய உணரியுள்ள கருவியும் அசையாத கையுமே உதவும்.

கைப்பேசியிலும் நடுக்கம் நீக்கும் வசதி உண்டு. சிலவற்றில் வில்லையே நகர்ந்து ஆட்டத்தை ஈடுசெய்யும். நடந்துகொண்டே படம்பிடிக்க அது போதும். ஆயினும் அதனை மோட்டார்வண்டியின் கைப்பிடியில் பொருத்தலாகாது. எஞ்சினின் அதிர்வு நாள்தோறும் தாக்கினால் இவ்வகைக் கேமரா பழுதடையக்கூடும் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே தன் கைப்பேசி வைத்திருப்போரை எச்சரித்தது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது 4கே என்னும் எண். 4கே காட்சி 3840 படப்புள்ளிகள் அகலமும் 2160 உயரமும் உடையது. பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். முழு எச்.டி. எனப்படுவது 1920க்கு 1080. ஏறத்தாழ 21 இலட்சம். நான்கு மடங்கு வேறுபாடு. ஆனால் மலிவான சில கருவிகள் முழு எச்.டி.யில் பதிந்து, அதனையே நான்கு மடங்காக ஊதி, 4கே என்று பெயரிட்டு விற்கின்றன. சப்பாத்தி மாவை இங்கும் நினைவுகொள்க. ஊதிய 4கேயை விட நல்ல வில்லையால் பதிந்த முழு எச்.டி. எவ்வளவோ மேல். வீட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

அடுத்த எண், நொடிக்கு எத்தனை படங்கள் என்பது. காணொளி என்பது அடுத்தடுத்து ஓடும் நிழற்படங்களே. நொடிக்கு 100 படங்கள் பதிந்து, 25 படங்களாக ஓட்டினால் காட்சி நான்கு மடங்கு மெதுவாகும். சக்கரப் பலகையில் உங்கள் நண்பன் தாவும் அரை நொடி, திரையில் இரண்டு நொடியாக விரியும். கால் எப்போது பலகையை விட்டது, எங்கே தவறியது என்று பயிற்சியாளர் சுட்டிக்காட்ட இது நன்கு உதவும்.

இந்தியாவில் வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள் உடையது. குழல்விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை நம் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குகின்றன. அமெரிக்காவிலோ 60 சுற்றுகள். அந்நாட்டு முறைப்படி 30 அல்லது 60 படங்கள் என்று அமைத்த கருவியால் நம் வகுப்பறையைப் பதிந்தால், காட்சியில் கருநிறப் பட்டைகள் மேலும் கீழும் ஓடலாம். கருவி பழுது என்று எண்ணிக் கடைக்கு ஓட வேண்டா. அமைப்புப் பட்டியலில் பால், என்.டி.எஸ்.சி. என்று இரண்டு இருக்கும். பால் என்பதைத் தெரிவுசெய்தால் 25, 50 என்னும் எண்கள் வரும். பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

மூன்றாவது எண் நினைவக அட்டையைப் பற்றியது. கருவி நொடிக்கு 100 மெகாபிட் என்னும் அளவில் பதிகிறது என்று கொள்வோம். எட்டுப் பிட்டுகள் ஒரு பைட்டு. ஆகவே நொடிக்கு 12.5 மெகாபைட், நிமிடத்திற்கு 750 மெகாபைட். 64 கிகாபைட் அட்டையில் ஏறத்தாழ 85 நிமிடம் பதியலாம். அட்டையின் அளவு மட்டும் போதாது, வேகமும் வேண்டும். வி30 என்று குறித்திருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்பது பொருள். வேகம் குறைந்த அட்டையை இட்டால் பதிவு நடுவில் நின்றுவிடும். பெயர்பெற்ற நிறுவனங்களின் உறையில் போலி அட்டைகளும் விற்கின்றன. எஸ்.பி. சாலையானாலும் இணையக் கடையானாலும் விலை மிகக் குறைவாக இருந்தால் ஐயுறுக. பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாங்கியவுடன் அட்டை நிறையும் வரை ஒருமுறை பதிந்து, அனைத்தும் திரும்ப ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நீர், வெப்பம், ஒலி

2016-இல் வந்த கோப்ரோ ஹீரோ5 பிளாக், தனி உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம்வரை நீரைத் தாங்கியது. இன்று பல கருவிகள் அவ்வாறே உள்ளன. பரிசலில் தெறிக்கும் காவிரி நீருக்கு அஞ்ச வேண்டியதில்லை. மின்கலக் கதவு நன்றாக மூடியுள்ளதா என்று மட்டும் பாருங்கள். நீரைத் தாங்கும் கருவி நீரில் மிதக்கும் என்று பொருளன்று. கை தவறினால் மூழ்கிவிடும். மிதக்கும் கைப்பிடி ஒன்று தனியே விற்கிறார்கள். விலை சிறிது, பயன் பெரிது. உயிர்காப்பு அங்கி அணியாமல் கருவியை மட்டும் கட்டிக்கொண்டு பரிசலில் ஏறுவோரைப் பற்றி என்ன சொல்வது!

காற்றில் விரைந்து செல்லும்போது சாகசக் கேமராவின் வெப்பம் தணிகிறது. அரங்கில் மேசைமேல் அசையாமல் வைத்து 4கேயில் பதிந்தால் சிறிது நேரத்தில் சூடேறித் தானே நின்றுவிடக்கூடும். மின்கலமும் சிறியது, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரமே பொதுவாகத் தாங்கும். இரண்டு மணி நேர நாடகத்தைப் பதிய மாற்று மின்கலம் வேண்டும்.

ஒலியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மிதிவண்டியில் செல்லும்போது ஒலிவாங்கியில் காற்று மோதி இரைச்சலே பதியும். அதன்மேல் பஞ்சுறை இட்டால் ஓரளவு குறையும். பேச்சைப் பதியும்போது தொலைவே முதன்மையானது. பேசுபவருக்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவு இரு மடங்கானால், வந்து சேரும் ஒலியாற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும்.

இதனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. உங்களில் பலருடைய தாத்தா பாட்டியர் தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலை முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள், அல்லது இன்றும் அங்கே வாழ்பவர்கள். அவர்கள் பேசும் தமிழில் இந்தப் பாடநூலில் இல்லாத சொற்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஏர் உழுத விதம், கிணறு வெட்டிய கதை, முதன்முதலில் பெங்களூருக்கு ரயிலேறி வந்த நாள் ஆகியவற்றை அவர்கள் வாயால் கேட்டுப் பதிந்து வைக்க உயர்ந்த கருவி எதுவும் வேண்டா. கைப்பேசியை ஒரு முழத் தொலைவில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, சன்னலுக்கு எதிரே அவர்களை அமரச் செய்தால் போதும். சாகசக் காட்சியை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு அப்படி உறுதி சொல்ல முடியாது.

எங்கே பொருத்துவது?

மிதிவண்டி ஓட்டும்போது மார்பில் கட்டினால் கைப்பிடியும் முன்சக்கரமும் சாலையும் தெரியும். வேகம் கண்ணுக்குப் புலப்படும். பாறை ஏறும்போது மார்பில் கட்டுவது தவறு. உடல் பாறையை ஒட்டியே நகர்வதால் கருவி உரசும், இடறும். தலைக்கவசத்தில் பொருத்துவதே அங்கு வழக்கம். சக்கரப் பலகை விளையாட்டுக்கோ, ஒரு நண்பர் தரையை ஒட்டிப் பிடித்து எடுப்பதே அழகு.

தலைக்கவசத்தில் துளையிட்டுக் கருவியைத் திருகலாகாது. கவசத்தின் வலிமை குறையும். வாராலோ ஒட்டுத்தகட்டாலோ மட்டுமே பொருத்த வேண்டும். கிளையிலோ கயிற்றிலோ சிக்கினால் கழன்றுவிடும்படி அது இருத்தல் நல்லது. கழன்ற கருவி கீழே நிற்பவர் தலையில் விழாதபடி மெல்லிய கயிற்றால் பிணைத்திருக்கவும் வேண்டும். இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழும் 150 கிராம் பொருள் சிறு பொருளன்று.

இன்னொன்றை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ஒருவர் ஏறும்போது கீழே நின்று கயிறு பிடிப்பவர் எக்காரணம் கொண்டும் படம்பிடிக்கலாகாது. ஏறுபவரின் உயிர் அவர் கையில் உள்ளது. படம்பிடிக்க மூன்றாம் ஆள் வேண்டும். மூன்றாம் ஆள் இல்லையெனில் அன்று படம் இல்லை.

சித்திரதுர்க்கக் கோட்டைச் சுவரில் கயிறின்றி ஏறும் ஜோதிராஜ் என்பவரின் காணொளிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். மக்கள் அவரைக் கோத்தி ராஜு என்று அழைக்கிறார்கள். கன்னடத்தில் கோத்தி என்றால் குரங்கு. அவர் பல்லாண்டுப் பயிற்சி உடையவர். அக்காணொளியில் நாம் காண்பது சில நிமிடங்களே. பயிற்சி அதில் பதிவாவதில்லை. கருவி கையில் இருக்கிறது என்பதற்காக முன்பு செய்யாத ஒன்றைச் செய்து பார்க்கத் தூண்டுதல் எழும். அது எழும்போது கருவியை அணைத்துவிடுக.

எதை வாங்குவது?

பெயர்பெற்ற நிறுவனத்தின் புதிய சாகசக் கேமரா முப்பதாயிரம் நாற்பதாயிரம் உரூபாய் ஆகிறது. அட்டை, மாற்று மின்கலம், வார் ஆகியவை தனி. வாடகை வீட்டில், மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு இது சிறு தொகை அன்று. ஆதலால் முதலில் ஓராண்டுக் கணக்கு எழுதிப் பாருங்கள். எத்தனை நாள் மலையிலோ நீரிலோ இருப்பீர்கள்? எத்தனை நாள் அரங்கிலும் வீட்டிலும் படம்பிடிப்பீர்கள்?

வாரந்தோறும் பயிற்சிக்குச் செல்பவர் சாகசக் கேமராவே வாங்கலாம். சென்ற ஆண்டு வெளியான கருவி விலை இறங்கியிருக்கும், குறையும் பெரிதாக இராது. ஆண்டில் இரண்டு மூன்று முறை மட்டும் செல்பவர் வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை. பெங்களூரில் கேமராக்களை நாள் வாடகைக்குத் தரும் கடைகள் உள்ளன. விழாக்களையும் நாடகங்களையும் பதிபவருக்கு ஒளியியல் உருப்பெருக்கம் உள்ள கேம்கார்டர் இன்றும் பொருத்தமானது. பழையது நல்ல நிலையில் கிடைத்தாலும் கொள்ளலாம், மின்கலம் இன்னும் விற்பனையில் உள்ளதா என்று உறுதிசெய்த பின்னர். இவை எதிலும் சேராதவருக்கு வீட்டில் உள்ள கைப்பேசி போதும். தலைக்கவசம் இல்லாமல் மிதிவண்டி ஓட்டுகிறவர் கருவிக்கு வைத்த பணத்தில் முதலில் அதனை வாங்குக.

கடையில் கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கையுறை அணிந்த விரலால் பொத்தானை அழுத்த முடிகிறதா, வெயிலில் திரை தெரிகிறதா, முன்புற வில்லையில் கீறல் விழுந்தால் கண்ணாடியை மட்டும் மாற்ற இயலுமா, பழுது நீக்கும் நிலையம் நகரில் உள்ளதா என்று கேளுங்கள். நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டா.

பயிற்சி

1. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதியும் கருவியில் 32 கிகாபைட் அட்டையை இட்டால் ஏறத்தாழ எத்தனை நிமிடம் பதியலாம்? கணக்கிட்ட முறையைத் தமிழில் எழுதுக.

2. உங்கள் வகுப்புத் தோழி பள்ளி நாடகத்தைப் பதியச் சாகசக் கேமரா வாங்க எண்ணுகிறாள். அவளுக்கு அறிவுரை கூறிப் பத்து வரிகளில் ஒரு கடிதம் வரைக.

3. ‘மூன்றாம் ஆள் இல்லையெனில் அன்று படம் இல்லை’ – இத்தொடர் உணர்த்தும் கருத்தை விளக்குக.

4. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பேச்சை, அவருடைய இசைவு பெற்று, மூன்று நிமிடம் பதிக. அதில் நீங்கள் முன்பு கேட்டறியாத ஐந்து சொற்களை அவரிடமே பொருள் கேட்டு எழுதி வருக.